ராணுவம்னு சொன்னா கேள்வி கேக்கக் கூடாதா?

எங்க ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யார் ப்ரோக்ராம் எழுதினாலும் இன்னொருத்தர் அதைப் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் வாடிக்கையாளரின் சர்வருக்குப் போகும். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே சிஸ்டம் படுத்துவிட்டது. ரிவ்யூ பண்ண ஆள் கிடைக்கவில்லை. மறுநாளே மேனேஜர் ஒரு வழி செஞ்சு கொடுத்தார். 'அவசரம்'னு ஒரு குறி போட்டால் ரிவ்யூ இல்லாமலே உள்ளே போகலாம். நியாயமான ஏற்பாடுதான், யாரும் மறுப்பு சொல்லலை. ஆறு மாசம் கழிச்சு லிஸ்ட் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'அவசரம்'. பட்டன் கலர் மாத்தினதுகூட அவசரம்! ஏன்னா அந்தக் குறியை யார் போடலாம்னு யாருமே விதி எழுதலை. ப்ரோக்ராம் எழுதினவனே போட்டுக்கலாம்.

இந்த மொக்கைக் கதை எதுக்குன்னா, நம்ம நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளில் 'தேசப் பாதுகாப்பு' என்கிற வார்த்தைக்கு இதேதான் நடந்திருக்கு. அதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைவு, அதனால மாட்டிக்கிட்டீங்க :-)

தேசத்துரோகி பட்டம் கொடுக்கப் போறவங்களுக்கு முதல்லயே ஒரு வேண்டுகோள். முழுசா படிச்சுட்டுக் கொடுங்க. எங்க சித்தப்பா மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில், அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸில், இருபது வருஷத்துக்கு மேல இருந்தவர். அதில் பாதி வருஷம் மலையில் ரோடு போடுற வேலை. அவர் லீவுக்கு வரும்போது கொண்டு வந்த ட்ரங்கு பெட்டி இன்னும் எங்க வீட்டுப் பரணில் இருக்கு. ராணுவத்து மேல எனக்குக் கோபம் இல்லை. ராணுவத்தின் பேரைச் சொல்லி மத்தவங்க தப்பிச்சுப் போறாங்களே, அதுதான் கோபம்.

முதலில் விதி என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். ஒரு பெரிய திட்டம் வந்தால் அது தண்ணியை, காட்டை, சுத்தி இருக்கிற ஊரை என்ன பண்ணும்னு முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை எழுதணும். 1994ல்தான் இந்தியாவில் இதைச் சட்டப்படி கட்டாயமாக்கினாங்க. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 1997ல் வந்தது. இப்போ நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையும், அதுக்கு மேல ஒட்டுப்போட்ட ஏகப்பட்ட திருத்தங்களும். கலெக்டரோ அவர் அனுப்புற அதிகாரியோ முன்னால் உட்கார்ந்திருக்க, மீனவரும் விவசாயியும் மைக்கைப் பிடிச்சு 'என் கிணறு என்ன ஆகும்?'னு கேக்குறாங்களே, அந்தக் கூட்டம்தான். பாதி இடத்தில் அது கண்துடைப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் திட்டம் போடுறவர் வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரே இடம் அதுதான்.

2006 அறிவிக்கையிலேயே யாருக்கெல்லாம் இந்தக் கூட்டம் வேண்டாம்னு ஒரு பட்டியல் இருக்கு. அதில் ஒண்ணு, தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட திட்டங்கள். அதோட ஒரு வால்: 'அல்லது மத்திய அரசு தீர்மானிக்கும் பிற கேந்திர முக்கியத்துவம் கொண்ட' திட்டங்கள். அந்த வாலை ரெண்டு தடவை படிங்க. கேந்திர முக்கியத்துவம்னா என்னன்னு எந்த விளக்கமும் கிடையாது. அரசு தீர்மானிச்சால் அது கேந்திர முக்கியத்துவம், அவ்வளவுதான். எங்க ஆபீஸ் 'அவசரம்' குறி ஞாபகம் வருதா?

ஏவுகணைத் தளத்தின் வரைபடத்தை ஊர்க்கூட்டத்தில் விரிச்சுக் காட்ட முடியாது, சரி. அந்த அளவுக்கு விலக்கு இருந்தால் நானும் ஏத்துக்குவேன். ஆனா அது அங்கேயே நிக்கலை. 2020ல் ஒரு புது வரைவு விட்டாங்களே, லட்சக்கணக்கான பேர் எதிர்ப்புக் கடிதம் போட்டாங்களே, அதில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த மாதிரித் திட்டங்களைப் பத்தின எந்தத் தகவலையும் பொதுவெளியில் வைக்கவே கூடாதுன்னு எழுதியிருந்தாங்க. அந்த வரைவு இறுதி செய்யப்படலை. சரி, விட்டுட்டாங்கன்னு நினைச்சோம். அதில் இருந்த சில யோசனைகள் ஒண்ணொண்ணா வேற வாசல் வழியா உள்ளே வந்தது.

2022 ஜூலை 14 திருத்தம். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்காகப் போடப்படும் நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம். கவனிங்க, கூட்டம் மட்டும் இல்லை, அனுமதியே வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரு நடைமுறைப் பட்டியல் தருவாங்களாம், ரோடு போடுற அமைப்பு அதைத் தானே கடைப்பிடிச்சுக்குமாம். தானே பரிட்சை எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கிற வசதி எனக்கு நாலாவது செமஸ்டரில் கிடைச்சிருந்தா அரியர் இல்லாம தப்பிச்சிருப்பேன்.

அடுத்தது 2023. வனப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்தினாங்க. அந்த வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, டிசம்பர் 1 முதல் அமல். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்புக்கான சாலை, ரயில் பாதை மாதிரி நீளவாக்குத் திட்டங்களுக்கு வனச் சட்டம் பொருந்தாது. பாதுகாப்புக் கட்டுமானம்னா 10 ஹெக்டேர் வரை காட்டை எடுத்துக்கலாம். 100 கிலோமீட்டர்னா எவ்வளவுன்னு மேப்பில் ஸ்கேல் வெச்சுப் பாருங்க. சிக்கிமும் திரிபுராவும் முழுசா அதுக்குள்ள போயிடும். அதாவது அங்கே விலக்கு வாங்க முடியாத இடமே கிடையாது.

சரி, இந்தக் குறி நடைமுறையில் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் பார்ப்போம். சார்தாம் சாலை. உத்தராகண்டில் கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி நாலுக்கும் போகும் சுமார் 900 கிலோமீட்டர் ரோடுகளை அகலப்படுத்தும் திட்டம். 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டினப்போ அது யாத்ரீகர்களுக்கான ரோடு. பேரே அதுதான். 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நெடுஞ்சாலை விரிவாக்கம்னா சுற்றுச்சூழல் ஆய்வு வேணும் இல்லையா? அதுக்கு என்ன பண்ணாங்க? ஒரே திட்டத்தை 53 துண்டாக்கினாங்க. ஒவ்வொரு துண்டும் 100க்குக் கீழே. பெரிய ஃபைலை மெயிலில் அனுப்ப முடியலைன்னா நாம உடைச்சு உடைச்சு அனுப்புவோமே, அதே டெக்னிக்.

விஷயம் உச்ச நீதிமன்றம் போச்சு. ஒரு நிபுணர் குழு போட்டாங்க. குழுவுக்குள்ளேயே ரெண்டு கருத்து. தலைவர் ரவி சோப்ரா உள்ளிட்ட சிறுபான்மைத் தரப்பு 5.5 மீட்டர் போதும்னு சொன்னது. இதில் வேடிக்கை என்னன்னா, 2018ல் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே மலை ரோடுகளுக்காகப் போட்ட சுற்றறிக்கையில் இருந்த அளவுதான் அது. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் அந்த அளவையே கடைப்பிடிக்கச் சொன்னது. உடனே என்ன ஆச்சு? அதுவரைக்கும் யாத்திரை ரோடாக இருந்தது, சீன எல்லைக்குப் போற ரோடாக ஆனது. டிசம்பரில் அமைச்சகம் தன் சுற்றறிக்கையைத் தானே திருத்தியது. 2021 டிசம்பர் 14ல், ராணுவத்தின் தேவையைத் தாங்கள் எடைபோட முடியாதுன்னு சொல்லி, அகலமான ரெண்டு வழிச் சாலைக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 2022ல் ரவி சோப்ரா குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அந்த ரோடு ராணுவத்துக்குத் தேவையே இல்லைன்னு நான் சொல்லலை. எல்லைக்குப் போற ரோடுதான், சீனா அந்தப் பக்கம் கட்டுவதும் உண்மைதான். என் கேள்வி வேற. ராணுவத்துக்குத் தேவைன்னா, ஆய்வு இன்னும் கடுமையா இல்ல இருக்கணும்? பாங்க் சாஃப்ட்வேரில் எது ரொம்ப முக்கியமோ அதைத்தான் அதிகமா டெஸ்ட் பண்ணுவோம். 'இது ரொம்ப முக்கியம், அதனால டெஸ்ட் வேண்டாம்'னு எந்த மடையனாவது சொல்வானா?

ஜோஷிமட் ஞாபகம் இருக்கா? பத்ரிநாத் போற வழியில் இருக்கும் மலை ஊர். எல்லைக்குப் போற பாதையில் முக்கியமான ராணுவ ஊரும்கூட. அந்த ஊரே பழைய நிலச்சரிவு மண்ணு மேல உட்கார்ந்திருக்கு, பெரிய கட்டுமானம் வேண்டாம்னு 1976லேயே மிஸ்ரா கமிட்டி எழுதிக் கொடுத்துவிட்டது. 2023 ஜனவரியில் ஊர் விரிசல் விட்டது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள். காரணம் ஒண்ணே ஒண்ணுன்னு சொல்ல முடியாது. வடிகால் இல்லாதது, கண்டபடி கட்டினது, பக்கத்தில் நடந்த பெரிய வேலைகள்னு பல விஷயம் பேசப்பட்டது. விரிசல் பெரிசானதும் முதல் வேலையா நிர்வாகம் நிறுத்தினதில் நீர்மின் நிலைய வேலையும், எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டுக்கிட்டிருந்த ஹெலாங் பைபாஸும் இருந்தன. அதே மாசம் ராணுவத் தளபதியே சொன்னார், தங்களோட 25லிருந்து 28 கட்டடங்களில் விரிசல், வீரர்களை வேற இடத்துக்கு மாத்தியிருக்கோம்னு.

எதிரி ஒரு குண்டு போடலை. நம்ம ராணுவம் தன் கட்டடத்தைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டி வந்தது. மலைக்கு விதிவிலக்கு அறிவிக்கை எல்லாம் படிக்கத் தெரியாதுங்க.

இதைப் பத்தி சித்தப்பாகிட்ட போன்ல பேசினேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் சொன்னது இது:

"டேய் தம்பி, நாங்க வெடி வெக்கறதுக்கு முந்தி ஆடு மேய்க்கிறவனத்தான் தேடுவோம். எந்த இடத்துல மழைக்காலத்துல தண்ணி கசியும், எந்தப் பாறை போன வருஷம் நகர்ந்துச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன்கிட்ட கேக்காம வெடி வெச்சா, அடுத்த ஆவணியில அந்த ரோட்டு மேல விழுந்த மண்ணை நாமளேதான் வாரணும். நான் வாரியிருக்கேன்."

யோசிச்சுப் பார்த்தால், கருத்துக் கேட்புக் கூட்டம்னா அதுதானே? ஆடு மேய்க்கிறவரைக் கேக்கறது. அதை என்ஜினியர் தன் வேலையின் ஒரு பாகமா நினைச்சுச் செஞ்சார். டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தடங்கல்னு நினைச்சு வெட்டிவிட்டார்.

இப்போ வழக்கமா வரும் எதிர்வாதங்கள்.

ஒண்ணு, "ரகசியம் கசிஞ்சுடும்." ரகசியமான பகுதியைத் தனி இணைப்பா வெச்சுக்கலாம், மத்ததை வெளியிடலாம். இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்லை, அமெரிக்காவில் பல வருஷம் நடைமுறையில் இருந்த ஏற்பாடு. அதோட, எட்டுமணி பஸ் போற நெடுஞ்சாலையில் என்னங்க ரகசியம்? சாட்டிலைட் படத்தில் சீனாக்காரன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான். அறிக்கையைப் பார்க்க முடியாதது அந்த ரோட்டுக்குக் கீழே குடியிருக்கிற நம்ம ஆள் மட்டும்தான்.

ரெண்டு, "தாமதம் ஆகும்." ஆகும். தாமதத்துக்கு மருந்து கெடு வைக்கிறது. இத்தனை நாளுக்குள் ஆய்வை முடிச்சாகணும்னு விதி போடுங்க, ஆள் போடுங்க. ஆய்வையே தூக்கறது எப்படி மருந்தாகும்? ஒவ்வொரு மழைக்கும் மண் சரிஞ்சு நாலு நாள் மூடிக் கிடக்கிற ரோட்டில் டாங்கி எந்த வேகத்தில் போகும்னு யாராவது கணக்குப் போட்டுச் சொன்னா நல்லா இருக்கும்.

மூணு, அனானிகளின் ஃபேவரிட்: "அமெரிக்காக்காரன் இப்படிக் கேள்வி கேக்க விடுவானா?" விட்டான் சார். 1970லிருந்து அமலில் இருக்கும் அவங்க தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் ராணுவத்துக்கும் பொருந்தும். கப்பற்படையின் சோனார் திமிங்கிலங்களைப் பாதிக்குதுன்னு கேஸ் போட்டாங்க. 2008ல் அங்கே உச்ச நீதிமன்றத்தில் கப்பற்படைதான் ஜெயிச்சது. ஆனா கோர்ட்டுக்கு வந்து, வாதாடி ஜெயிச்சது. கேள்வி கேட்டதால் அவங்க கடற்படை ஒண்ணும் மூழ்கிப் போகலை. இப்போ அவங்களும் அதே வழுக்குப் பாறையில் கால் வெச்சிருக்காங்க என்பது வேற விஷயம். 2025ல் இந்தச் சட்டத்துக்கான பொது விதிகளை ரத்து பண்ணி, ஜூன் கடைசியில் தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூணும் தனித்தனியா வெச்சிருந்த விதிகளையும் எடுத்துட்டு, பாதுகாப்புத் துறைக்கு ஒரே தளர்ந்த நடைமுறையைக் கொண்டு வந்துட்டாங்க. அவங்ககிட்ட காப்பி அடிக்கிறதா இருந்தா நல்லதை அடிப்போமே.

அதே அமெரிக்காவில் கேம்ப் லெஜூன்னு ஒரு கடற்படைவீரர் முகாம். 1953லிருந்து 1987 வரைக்கும் அந்த முகாம் குடிதண்ணியில் ரசாயனம் கலந்திருந்தது. பத்து லட்சம் பேர் வரை குடிச்சிருக்கலாம்னு கணக்கு. இழப்பீடு கேட்டு வழக்குப் போட வழி செய்யும் சட்டம் வந்தது 2022ல். அந்தத் தண்ணியைக் குடிச்சது யார்? சிப்பாய்களும், அவங்க மனைவியும், குழந்தைகளும். ராணுவத்துக்கு விலக்கு கொடுத்தால் லாபம் ராணுவத்துக்குன்னு நினைக்கிறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்.

இதெல்லாம் வடக்கே, மலைமேல, நமக்கென்னன்னு நினைச்சீங்கன்னா, கன்னியாகுமரிக்கு வாங்க.

2025 செப்டம்பர் 8ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அலுவலக ஆணை போட்டது. திருத்தம்கூட இல்லை, வெறும் ஆணை. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் தோண்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம். எந்த விதியின் கீழ்? மேலே சொன்னேனே, 2006ன் அந்த வால். தேசப் பாதுகாப்பு, பிற கேந்திர முக்கியத்துவம். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கிட்டதால் இந்த ஆணை.

கிள்ளியூர் வட்டாரக் கடலோர கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் திட்டம் ஒண்ணு இருக்கு. அந்த மணலில் மோனசைட் இருக்கு, மோனசைட்டில் தோரியம். ஆக அணுக் கனிமம். 2024 அக்டோபர் 1ல் கருத்துக் கேட்புக் கூட்டம்னு அறிவிச்சாங்க. மீனவ கிராமங்களில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து ஒத்திவெச்சாங்க. அடுத்த வருஷமே, இந்த மாதிரித் திட்டத்துக்குக் கூட்டமே தேவையில்லைன்னு ஆணை. கூட்டத்தில் பதில் சொல்ல முடியலைன்னா கூட்டத்தையே எடுத்துடறது. பிரமாதம்!

மதுரை அரிட்டாபட்டியையும் நினைச்சுப் பாருங்க. டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு 2024 நவம்பரில் செய்தி வந்தது. மேலூர் மக்கள் 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே போனாங்க. அந்த மாசமே ஏலம் ரத்தாச்சு. டங்ஸ்டனும் முக்கியக் கனிமப் பட்டியலில்தான் இருக்கு. நாளைக்கு இன்னொரு ஊரில் இன்னொரு டங்ஸ்டன் வந்தால், ஊரைக் கூட்டி வெச்சுச் சொல்லணும் என்கிற கட்டாயம் அந்த ஆணைப்படி இல்லை.

எல்லையில் பதுங்குகுழிக்குக் கொடுத்த விலக்கு, யாத்திரை ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரை மணலுக்கு வந்தாச்சு. பட்டன் கலர் மாத்தினதுகூட அவசரம்.

சும்மா புலம்பிட்டுப் போகக் கூடாது இல்லையா, என்ன செய்யலாம்னும் சொல்லிடறேன்.

1. திட்டம் போடுறவரும் 'பாதுகாப்பு'க் குறி போடுறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர், ஓய்வுபெற்ற ராணுவ என்ஜினியர் ஒருத்தர், நிலவியல் தெரிஞ்ச ஒருத்தர்னு ஒரு குழு, காரணத்தை எழுத்தில் கொடுக்கணும்.

2. ரகசியத்துக்குத் தனி இணைப்பு. மிச்சம் எல்லாம் உள்ளூர் மொழியில் வெளியே.

3. தானே மார்க் போட்டுக்கறது ஒழியணும். விலக்கு வாங்கின ரோடுகளை வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் போய்ப் பார்த்து அறிக்கை வைக்கணும்.

4. சுரங்கத்தை இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கணும். மணல் அள்ளுவது ராணுவ நடவடிக்கை கிடையாது.

எங்க ஆபீஸில் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. அந்த 'அவசரம்' குறியை மேனேஜர் எடுக்கலை. அதைப் போடணும்னா வேற டீமில் இருந்து ஒருத்தர் கையெழுத்து வேணும்னு ஒரே ஒரு விதி சேர்த்தார். அடுத்த மாசம் மொத்தமே மூணு அவசரம்தான். அந்த மூணும் நிஜமாவே அவசரம்.

டிஸ்கி 1: "ஏசி ரூமில் உட்கார்ந்துக்கிட்டு ராணுவத்தைப் பத்திப் பேசாதே"ன்னு பின்னூட்டம் போடுறவங்களுக்கு: ஆமாங்க, ஏசி ரூம்தான். மண் வாரினவர் சொன்னதையும் மேலே எழுதியிருக்கேன், அவருக்குப் பதில் சொல்லுங்க.

டிஸ்கி 2: சித்தப்பா இதைப் படிச்சுட்டு, "மலையில பனி விழறதப் பத்தி ஒரு வரிகூட எழுதலையேடா"ன்னு குறைப்பட்டுக்கிட்டார். அது தனிப் பதிவு. வரும்.